இருட்டில் கெட்டிக்காரர் யார்? கைப்பேசியா, காமிராவா?

மாலை ஏழு மணி. ராயப்பேட்டை மணிக்கூண்டின் எதிரே நீங்களும் உங்கள் நண்பரும் நிற்கிறீர்கள். வானத்தில் வெளிச்சம் வடிந்துவிட்டது. கடைகளில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். உங்கள் கையில் அப்பாவிடம் கேட்டு வாங்கி வந்த கைப்பேசி. நண்பரின் கழுத்தில் அவருடைய சித்தப்பாவின் காமிரா தொங்குகிறது. இருவரும் மணிக்கூண்டைப் படம் எடுக்கிறீர்கள். முக்காலி ஸ்டாண்டு இல்லை. பிளாஷும் கிடையாது. வெறும் கையில் பிடித்து எடுத்த படம்தான்.

எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் படத்தில் மணிக்கூண்டு பளிச்சென்று நிற்கிறது. கடைப் பலகையின் எழுத்தைக்கூடப் படிக்க முடிகிறது. நண்பரின் படத்திலோ எல்லாம் கலங்கிக் கிடக்கிறது. தெரு விளக்கு ஒவ்வொன்றும் வால் முளைத்த புழுவைப்போல் நெளிகிறது. அவர் முகம் வாடிவிடுகிறது. "சித்தப்பா காமிரா உன் போனைவிட விலை கூடுதல். இது எப்படித் தோற்றது?" என்று கேட்கிறார்.

பொறுங்கள். அவசரப்பட்டு வெற்றி முரசு கொட்டிவிடாதீர்கள். அங்கிருந்து தெற்கே நடந்தால் டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாதெமி இருக்கிறது. 1928-ஆம் ஆண்டில் தொடங்கிய சபை அது. இப்போதுள்ள அரங்கம் 1962-இல் திறக்கப்பட்டது. மார்கழியில் இசை விழா, ஜனவரியில் நாட்டிய விழா என்று அங்கே கலைஞர்கள் வந்தவண்ணம் இருப்பார்கள். நாட்டியம் நடக்கும்போது பக்கவாட்டில் அனுமதி பெற்ற புகைப்படக்காரர்கள் அமர்ந்திருப்பார்கள். அங்கும் பிளாஷ் கூடாது. ஆடுபவரின் கண் கூசும்; பார்ப்பவருக்கும் இடைஞ்சல். அந்த அரை இருட்டில் அவர்கள் கையில் வைத்திருப்பது என்ன தெரியுமா? கைப்பேசி அல்ல; தடித்த லென்ஸ் பூட்டிய காமிரா!

மணிக்கூண்டின் முன்னே கைப்பேசி ஜெயிக்கிறது. மேடையின் முன்னே காமிரா ஜெயிக்கிறது. இரண்டு இடத்திலும் வெளிச்சம் குறைவு. இரண்டு இடத்திலும் கையில்தான் கருவி. பிறகு ஏன் இந்த வேறுபாடு? விடை விளம்பரங்களில் இல்லை. ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

ஒளி என்னும் மழை

ஐப்பசி மாதத்தில் மொட்டை மாடியில் முதல் தூறல் விழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? தரையில் பதித்த சதுர ஓடுகளைப் பாருங்கள். ஓர் ஓட்டில் நான்கு துளி விழுந்திருக்கும். பக்கத்து ஓட்டில் இரண்டு, அதற்கடுத்ததில் ஆறு. வானம் ஓரவஞ்சனை செய்வதில்லை. எல்லா ஓட்டுக்கும் ஒரே மழைதான். ஆனாலும் துளிகள் தனித்தனியாக, தற்செயலாக விழுவதால் எண்ணிக்கை முன்பின்னாக இருக்கிறது. மழை வலுத்து ஓட்டுக்குப் பத்தாயிரம் துளி விழுந்த பிறகு பார்த்தால் எல்லா ஓடும் ஒரேபோல் நனைந்திருக்கும்.

ஒளியும் இப்படிப்பட்ட மழைதான். அது தொடர்ந்து ஓடும் தண்ணீரைப்போல் தோன்றினாலும், தனித்தனித் துகள்களாகவே வந்து சேருகிறது. ஒளியை இவ்வாறு துகள்களாகக் கொண்டால்தான் சில உலோகங்கள் ஒளி பட்டதும் எலெக்ட்ரான்களை உதிர்ப்பதை விளக்க முடியும் என்று ஐன்ஸ்டைன் 1905-இல் எடுத்துக்காட்டினார். அவருக்கு 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது இந்த விளக்கமே. அந்தத் துகளுக்கு ஃபோட்டான் என்று பெயர்.

காமிராவிலும் கைப்பேசியிலும் லென்ஸுக்குப் பின்னால் சிலிக்கனால் ஆன ஒரு சிறு தகடு இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டமும் மாடியில் பதித்த ஓர் ஓடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோட்டான் விழுந்தால் எலெக்ட்ரான் ஒன்று விடுபடும். எத்தனை எலெக்ட்ரான் சேர்ந்தது என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கேற்ற வெளிச்சத்தைக் கருவி படத்தில் இடுகிறது. ஆகவே புகைப்படம் என்பது உண்மையில் ஒரு கணக்குப் பட்டியல்!

இதில் ஓர் எளிய விதி உண்டு. சராசரியாக எத்தனை துகள் விழுகிறதோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு எண்ணிக்கை முன்பின்னாக இருக்கும். ஒரு கட்டத்தில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால் அதன் வர்க்கமூலம் 100. அதாவது நூற்றில் ஒரு பங்குதான் பிழை. கண்ணுக்கே தெரியாது. ஆனால் 9 ஃபோட்டான் மட்டும் விழுந்தால் வர்க்கமூலம் 3. மூன்றில் ஒரு பங்கு பிழை! ஒரே நிறமான சுவரில் ஒரு கட்டம் 6 என்றும் அடுத்தது 12 என்றும் எண்ணும். படத்தில் மணலை வாரி இறைத்ததுபோல் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதனால்தான்.

"காமிராவில் ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் படம் வெளிச்சமாகிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வானொலியில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது ஒலியைக் கூட்டிப் பாருங்கள். பாட்டும் கூடும், கரகரப்பும் கூடும். ஐ.எஸ்.ஓ. செய்வதும் அதுவே. வந்த கணக்கைப் பெருக்கிக் காட்டுமே தவிர, வராத ஒளியை வரவழைக்காது.

எவ்வளவு இருட்டு?

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். விளக்கு எரியும் தெருவில் சுமார் 10 லக்ஸ். பௌர்ணமி நிலவில் கால் லக்ஸ்கூடத் தேறுவது அரிது. தெருவுக்கும் வெயிலுக்கும் பத்தாயிரம் மடங்கு வேறுபாடு! நம் கண் பாப்பாவை விரித்தும் விழித்திரையின் உணர்ச்சியைக் கூட்டியும் சமாளித்துக்கொள்வதால் நமக்கு அது உறைப்பதில்லை.

கருவியை ஏமாற்ற முடியாது. வெயிலில் ஒரு படத்துக்கு ஆயிரத்தில் ஒரு விநாடி போதுமானால், வேறு எதையும் மாற்றாமல் அதே அளவு ஒளியைத் தெருவில் சேர்க்க 10 விநாடி ஆகும். பத்து விநாடி கையை அசைக்காமல் வைத்திருக்க உங்களால் முடியுமா? யாராலும் முடியாது. அப்படியானால் ஒளியைச் சேர்க்க இரண்டே வழிகள்தான். ஒன்று, ஒளி புகும் வாயை அகலமாக்க வேண்டும். மற்றொன்று, நேரத்தை நீட்ட வேண்டும். காமிரா முதல் வழிக்குப் பேர்போனது. கைப்பேசி இரண்டாவது வழியில் ஒரு தந்திரம் கண்டது.

அண்டாவும் டம்ளரும்

மழைநீர் பிடிக்க வாசலில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்தால் எதில் அதிகம் சேரும்? வாய் அகன்ற அண்டாவில்தானே! லென்ஸிலும் அப்படித்தான். அதன் வாய் எவ்வளவு அகலம் என்று நீங்களே கணக்கிடலாம். லென்ஸின் குவியத் தூரத்தை அதன்மேல் எழுதியுள்ள எஃப் எண்ணால் வகுத்தால் வாயின் விட்டம் கிடைக்கும்.

நல்ல கைப்பேசி ஒன்றின் லென்ஸுக்குக் குவியத் தூரம் 7 மில்லி மீட்டர், எஃப் எண் 1.8 என்று வைத்துக்கொள்வோம். 7 ÷ 1.8 = 3.9. விட்டம் 4 மி.மீ. கூட இல்லை, ஏறக்குறைய ஒரு மிளகின் அளவு. காமிராவுக்குக் கிடைக்கும் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸைப் பாருங்கள். 50 ÷ 1.8 = 27.8. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரே பொருளிலிருந்து ஒரே நேரத்தில் இந்த லென்ஸ் வாங்கிக்கொள்ளும் ஒளி, கைப்பேசி வாங்குவதைப்போல் சுமார் 50 மடங்கு!

இனி உங்கள் நண்பரின் காமிராவுக்கு வருவோம். காமிராவோடு சேர்த்து விற்கும் சாதாரண ஜூம் லென்ஸ்தான் அதில் இருந்தது. மணிக்கூண்டு முழுவதும் தெரிய வேண்டுமென்று அதை 18 மி.மீ.க்குக் கொண்டுவந்தார். அங்கே அதன் எஃப் எண் 3.5. வகுத்துப் பாருங்கள்: 18 ÷ 3.5 = 5.1. கைப்பேசியின் வாய் 3.9 மி.மீ., இதன் வாய் 5.1 மி.மீ. ஒளியில் வேறுபாடு இரண்டு மடங்குகூட இல்லை! உடம்பு பெரிது, வாய் சிறிது. சித்தப்பாவின் காமிரா தோற்றதற்கு முதல் காரணம் இதுவே.

அகன்ற வாயின் மகிமையைப் பார்க்க விரும்பினால் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைமேல் உள்ள காவலூருக்குப் போகவேண்டும். அங்கே வைணு பாப்பு வானாய்வு நிலையத்தில் 1986 முதல் இயங்கிவரும் தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டம் உள்ளது. அதுவும் மழைநீர் பிடிக்கும் அண்டாதான். நட்சத்திர மழைக்கு வைத்த அண்டா.

கை ஏன் நடுங்குகிறது?

கையை நீட்டி விரல்களின்மேல் ஒரு தாளை வையுங்கள். தாளின் ஓரம் துடிப்பதைக் காண்பீர்கள். இது பயத்தால் வருவதல்ல, நோயுமல்ல. ஆரோக்கியமான எவருடைய கையும் விநாடிக்கு 8 முதல் 12 தடவை வரை நுட்பமாக அதிர்ந்துகொண்டே இருக்கும். மூச்சும் நாடித்துடிப்பும் இதற்குத் துணை சேரும்.

பிலிம் காலத்துப் புகைப்படக்காரர்கள் இதற்கொரு வாய்பாடு வைத்திருந்தார்கள். 50 மி.மீ. லென்ஸானால் ஐம்பதில் ஒரு விநாடியைவிட நீண்ட நேரம் கையில் பிடித்து எடுக்காதே என்பார்கள். 200 மி.மீ. ஆனால் இருநூற்றில் ஒரு விநாடி. லென்ஸ் எந்த அளவு பெரிதாக்கிக் காட்டுகிறதோ, அந்த அளவு நடுக்கத்தையும் பெரிதாக்கும் என்பதே இதன் பொருள். இப்போதைய கருவிகள் பலவற்றில் நடுக்கத்தை உணர்ந்து லென்ஸையோ சிலிக்கன் தகட்டையோ எதிர்த் திசையில் நகர்த்தும் ஏற்பாடு உண்டு. அது பெரிதும் உதவும். ஆனால் நண்பரின் பழைய காமிராவில் அது இல்லை. ஒளி போதாமல் அது ஷட்டரைக் கால் விநாடி திறந்து வைத்தது. அதற்குள் கை இரண்டு மூன்று முறை ஆடிவிட்டது. தெரு விளக்குகளுக்கு வால் முளைத்த கதை இதுதான்.

கைப்பேசியின் தந்திரம்

அப்படியானால் மிளகளவு வாயுள்ள கைப்பேசி எப்படித் தப்பித்தது? அதன் கையில் இருப்பது டம்ளர்தான். ஆனால் அது டம்ளரை ஒரு தடவை மட்டும் நீட்டவில்லை!

நீங்கள் இரவுப் பயன்முறையில் பொத்தானைத் தொட்டபோது "அசையாமல் பிடியுங்கள்" என்று திரையில் வந்ததல்லவா? அந்த நேரத்தில் கைப்பேசி ஒரு படம் எடுக்கவில்லை. பதினாறில் ஒரு விநாடி வீதம் 16 படங்களை எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் குறுகிய நேரத்தில் எடுத்ததால் அவற்றில் கை நடுக்கம் அதிகம் பதியவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் இருண்டது, புள்ளிகள் நிறைந்தது. தனியாகப் பார்த்தால் ஒன்றும் உருப்படி இல்லை.

இனிமேல்தான் வேடிக்கை. பதினாறு மெல்லிய டிரேசிங் தாள்களில் ஒரே கோலத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு தாளிலும் கோலம் சற்றே நகர்ந்திருக்கிறது. தாள்களை அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் குழம்பித் தெரியும். ஒவ்வொரு தாளையும் நகர்த்தி, புள்ளிமேல் புள்ளி விழும்படி செய்தால்? கோலம் அழுத்தமாகத் தெரியும். கைப்பேசியின் உள்ளே இருக்கும் கணிப்பொறி இதைத்தான் செய்கிறது. பதினாறில் தெளிவான ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொள்கிறது. மற்றவற்றைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரிக்கிறது. எந்தச் சதுரத்தை எவ்வளவு நகர்த்தினால் அடிப்படைப் படத்தோடு பொருந்தும் என்று தேடிப் பொருத்துகிறது. பிறகு எல்லாவற்றையும் கூட்டுகிறது.

கூட்டினால் என்ன நடக்கும்? முன்பு ஒரு கட்டத்தில் 9 ஃபோட்டான் விழுந்தது. 16 படங்களையும் சேர்த்தால் 144. அதன் வர்க்கமூலம் 12. மூன்றில் ஒரு பங்காக இருந்த பிழை பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது! நான்கு மடங்கு முன்னேற்றம். 16-இன் வர்க்கமூலம் 4 என்பதைக் கவனித்தீர்களா?

ஒரு சிறு நட்டமும் உண்டு. டம்ளரிலிருந்து ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் இரண்டு சொட்டு சிந்தும் அல்லவா? அதுபோல ஒவ்வொரு படத்தையும் எண்ணி முடிக்கும்போது கருவியில் ஓரிரு எலெக்ட்ரான் அளவுக்குப் பிழை சேரும். அதனால்தான் ஆயிரம் படங்களை எடுத்துக் கூட்டினாலும் கும்மிருட்டைப் பகலாக்க முடிவதில்லை.

வானியல் அறிஞர்களுக்கு இந்தக் கூட்டல் கணக்கு பழகிய ஒன்று. 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி வானத்தின் ஒரே சிறு மூலையைப் பத்து நாள் தொடர்ந்து பார்த்து 342 படங்கள் எடுத்தது. அவற்றைச் சேர்த்தபோது வெறுமையாகத் தோன்றிய இடத்தில் ஆயிரக்கணக்கான அண்டங்கள் தெரிந்தன. அதே கணக்கு 2018, 2019 ஆண்டுகளில் இரவுப் பயன்முறை என்ற பெயரில் சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்தது.

இன்னொரு விந்தையைக் கேளுங்கள். சிலிக்கன் தகட்டின் கட்டங்களுக்கு நிறம் தெரியாது. ஆகவே நான்கு கட்டங்களில் இரண்டின்மேல் பச்சை, ஒன்றின்மேல் சிவப்பு, ஒன்றின்மேல் நீலம் என்று நிறக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பச்சைக் கட்டத்தில் சிவப்பு எவ்வளவு என்பதை அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் கை சற்றே நடுங்கினால், முதல் படத்தில் பச்சைக் கட்டத்தில் விழுந்த காட்சி அடுத்த படத்தில் சிவப்புக் கட்டத்தில் விழும். ஊகத்துக்குப் பதில் நேரடி அளவே கிடைத்துவிடும்! புகைப்படக்காரர்கள் நெடுங்காலமாகத் திட்டித் தீர்த்த கை நடுக்கம் இங்கே உபகாரம் செய்கிறது.

மேடையில் ஏன் தோற்கிறது?

இவ்வளவு கெட்டிக்காரக் கைப்பேசியை மியூசிக் அகாதெமிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? மணிக்கூண்டு அசையாது. நாட்டியமாடுபவர் அசைவார். வேறுபாடு அவ்வளவுதான்.

கணக்குப் போட்டே பார்ப்போம். அடவு செய்யும்போது கை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசப்படுகிறது என்று கொள்வோம். 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் உள்ள காமிரா இருநூற்றைம்பதில் ஒரு விநாடியில் படம் எடுக்கிறது. அந்த நேரத்தில் கை நகரும் தூரம் 8 மில்லி மீட்டர். விரல் முத்திரை ஏறக்குறையத் தெளிவாகவே பதியும்.

காமிராவுக்குக் கிடைத்த அதே அளவு ஒளி கைப்பேசிக்கும் வேண்டுமானால், வாய் 50 மடங்கு சிறியதாகையால் 50 மடங்கு நேரம் வேண்டும். அதாவது ஐந்தில் ஒரு விநாடி. அதற்குள் கை 40 சென்டி மீட்டர் போய்விடும்! ஒரு படத்தில் கை தோளருகே, மற்றொன்றில் தலைக்குமேல். எதை எதோடு பொருத்துவது? பொருந்தாத பகுதியைக் கணிப்பொறி கூட்டாமல் விட்டுவிட்டால் அங்கே மட்டும் புள்ளிகள் மொய்க்கும். தவறிப்போய்க் கூட்டிவிட்டால் ஆடுபவருக்குப் பேயுருவாக மூன்றாவது கை முளைக்கும். தொலைவுக் காட்சிக்கென்று தனி லென்ஸ் வைத்த கைப்பேசிகளிலும் வாயின் அகலம் சில மில்லி மீட்டர்தான்.

ஆக, ஒரு கணத்தில் வேண்டிய ஒளியை ஒரே மிடறில் குடிப்பது காமிரா. பல கணங்களில் சிறு மிடறுகளாகக் குடித்துக் கணக்கைக் கூட்டுவது கைப்பேசி. நிற்கும் பொருளுக்கு இரண்டும் ஒன்றே. ஓடும் பொருளுக்கு இரண்டும் ஒன்றல்ல.

மயிலைக் கபாலீசுவரர் கோயில் குளத்தில் தைப்பூசத்தையொட்டி நடக்கும் தெப்பத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்துப் படிகளும் கோபுரமும் நிற்பவை. விளக்கு அலங்காரத்தோடு தெப்பம் மெல்ல நகர்வது. தண்ணீரில் பிரதிபலிப்போ துள்ளிக்கொண்டே இருப்பது. ஒரே காட்சியில் மூன்று வேகங்கள்! கைப்பேசியில் எடுத்தால் கோபுரம் சுத்தமாக வரும், அலைகள் மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாகிவிடும். ஏனென்று இப்போது உங்களால் சொல்ல முடியும்.

எண்ணுவதா, ஊகிப்பதா?

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணிக் கூட்டுவது. வந்த ஃபோட்டானைத்தான் எண்ணினோம். ஆனால் இக்காலக் கருவிகள் இன்னொன்றும் செய்கின்றன. அவை ஊகிக்கின்றன.

ஒரே காட்சியைக் குறுகிய நேரத்தில் இருட்டாகவும் நீண்ட நேரத்தில் தெளிவாகவும் எடுத்த ஆயிரக்கணக்கான இணைப் படங்களைக் கணிப்பொறிக்குக் காட்டிப் பழக்குகிறார்கள். பிறகு இருண்ட படம் ஒன்றை மட்டும் கொடுத்தால், தெளிவான படம் எப்படி இருக்கும் என்று அது கணித்துத் தருகிறது. நம் அடையாற்றுக்கு அருகிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. மிக இருண்ட படங்களை வேகமாக மீட்டெடுக்கும் முறை ஒன்றை அங்கே மோஹித் லாம்பா, கௌஷிக் மித்ரா ஆகிய இருவரும் 2021-இல் வெளியிட்டார்கள். பயனுள்ள ஆராய்ச்சி இது. ஆனால் ஒளி அறவே வராத இடத்தில் எந்த முறையும் அறிந்ததை வைத்து அறியாததை நிரப்பத்தான் வேண்டும்.

அதன் எல்லையை 2023-இல் ஓர் ஆர்வலர் சோதித்துக் காட்டினார். நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணிப்பொறித் திரையில் வைத்தார். அறை விளக்கை அணைத்துவிட்டு, தள்ளி நின்று கைப்பேசியால் அதைப் படம் எடுத்தார். திரையில் இல்லாத மேடு பள்ளங்கள் படத்தில் தெளிவாக வந்தன! "இது நிலா" என்று கண்டுகொண்ட கருவி, நிலாவைப் பற்றித் தான் முன்பே கற்றிருந்ததைப் படத்தில் சேர்த்துவிட்டது.

இது புதிய பழக்கமா? இல்லை! சென்னை ராஜதானி அரசின் புகைப்படக்காரராக 1856-இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்பவரின் கதையைக் கேளுங்கள். அவர் மெழுகிட்ட தாளில் படம் பிடித்தார். அதில் ஒளி பதிய வெகுநேரம் ஆகும். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முடியாமல், 21 படங்கள் எடுத்து ஒட்டி 19 அடிக்குமேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். பல படங்களைப் பொருத்தி ஒன்றாக்கும் வேலையை நம் தமிழ் நாட்டில் அன்றே கையால் செய்திருக்கிறார்! அதே டிரைப், சில படங்களின் வெறும் வானத்தில் மேகங்களையும், சரியாகப் பதியாத மரங்களில் இலைகளையும் நெகடிவின்மேல் தூரிகையால் தீட்டிச் சேர்த்ததும் உண்டு.

ஒட்டுவதும் பழையது, தீட்டுவதும் பழையது. கல்வெட்டை ஒட்டியபோது அவர் கல்லில் இருந்த எழுத்தை அப்படியே காட்டினார். மேகத்தைத் தீட்டியபோது அன்று வானத்தில் இல்லாததைக் காட்டினார். இந்த வேறுபாடு முக்கியம். மேகமானால் அழகு என்று விட்டுவிடலாம். இரவில் நடந்த சாலை விபத்தின் படமாக இருந்தால்? மோதிவிட்டுப் போன வண்டியின் எண்ணில் தேய்ந்து தெரியும் 3-ஐ அழகாக 8 என்று தீட்டித் தந்துவிட்டால், குற்றமற்ற ஒருவர் காவல் நிலையத்தில் நிற்க நேரும். தெளிவாக இருப்பதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. புள்ளி மொய்க்கும் படம் சில சமயம் அதிக நேர்மையானது. "எனக்கு இவ்வளவுதான் தெரிந்தது" என்று அது ஒப்புக்கொள்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

1. தாயக்கட்டை வேண்டாம்; ஆறு முகமுள்ள பகடை ஒன்று எடுங்கள். ஒரு முறை உருட்டினால் 1 முதல் 6 வரை எது வேண்டுமானாலும் வரும். 16 முறை உருட்டிச் சராசரி காணுங்கள். 3.5-க்கு அருகில் வரும். மறுபடியும் 16 முறை உருட்டுங்கள். மீண்டும் 3.5-க்கு அருகிலேயே வரும். பதினாறு படங்களைக் கூட்டுவதன் பயன் கையிலேயே விளங்கும்.

2. இரவில் ஒரே ஒரு சிறு விளக்கை வைத்துக்கொண்டு, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். கைப்பேசியில் சாதாரண முறையில் ஒரு படம், இரவுப் பயன்முறையில் ஒரு படம் எடுங்கள். கூரையையும் இறக்கைகளையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். எது தெளிவடைந்தது, எது கெட்டது?

3. மங்கலாக்கிய நிலாப் படத்தைத் திரையில் வைத்து மேலே சொன்ன சோதனையை உங்கள் வீட்டுக் கைப்பேசியில் செய்து பாருங்கள். அது எண்ணுகிறதா, ஊகிக்கிறதா என்று கண்டுபிடியுங்கள்.

காசு செலவழிக்குமுன்

பள்ளி ஆண்டு விழாவில் உங்கள் தங்கை ஆடப்போகிறாள். அந்த ஆட்டம் ஒரு முறைதான் நடக்கும். படம் கெட்டுப்போனால் மறுபடி ஆடு என்று சொல்ல முடியாது. அதற்காக வீட்டில் கடன் வாங்கிப் பெரிய காமிரா வாங்க வேண்டுமா? அவசரப்படாதீர்கள். லென்ஸின்மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பார்த்து ஒன்றை மற்றொன்றால் வகுங்கள். வாய் சிறிதாக இருந்தால், காமிரா எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இருட்டில் பெரிய பயன் இல்லை. சித்தப்பாவின் பழைய காமிராவை இரவல் வாங்கி, அதற்குப் பொருந்தும் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸை யாரிடமாவது கேட்டுப் பூட்டினால் அதுவே போதும். ஷட்டரை இருநூற்றைம்பதில் ஒரு விநாடியில் வையுங்கள்.

கைப்பேசிதான் இருக்கிறதா? அதுவும் போதும். முதலில் லென்ஸை மெத்தென்ற துணியால் துடையுங்கள். விரல் ரேகையின் எண்ணெய் படிந்திருந்தால் ஒவ்வொரு விளக்கும் கோடாகச் சிதறும். மேடைக்கு எவ்வளவு அருகில் போக முடியுமோ போங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு தூணிலோ சுவரிலோ சாயுங்கள். இரவுப் பயன்முறையை அணைத்துவிடுங்கள். தங்கை துள்ளும்போது எடுக்காதீர்கள். அரைமண்டியில் ஒரு கணம் நிற்பாள் அல்லவா, தீர்மானம் முடிந்து தாளத்தில் நிற்கும் கணம், அப்போது தொடுங்கள். அந்த ஒரு கணத்தில் அவளும் மணிக்கூண்டுபோலத்தான்!

இப்போது உங்கள் நண்பருக்குப் பதில் சொல்லுங்கள். சித்தப்பாவின் காமிராவில் கோளாறு இல்லை. அவர் டம்ளர் வாயுள்ள லென்ஸைப் பூட்டிக்கொண்டு அண்டாவின் வேலையை எதிர்பார்த்தார், அவ்வளவுதான். நாளை மாலை இருவரும் மறுபடியும் மணிக்கூண்டுக்குப் போங்கள். இம்முறை கூண்டைக் குறி வைக்காமல், சந்திப்பைக் கடந்து போகும் பேருந்தைக் குறி வையுங்கள். அதில் யார் ஜெயிப்பார், ஏன் ஜெயிப்பார் என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு சரிபாருங்கள்.